முப்பது மில்லிமீட்டர்

கிள்ளான் நகரின் தாமான் செந்தோசா குடியிருப்பில், கடைவரிசையின் கடைசிக் கடை முகுந்தனுடையது. பெயர்ப்பலகையில் எல்லா வகை மோட்டார் சைக்கிளும் பழுது பார்க்கப்படும் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே ஒரு வேலைக்காக வந்தார்கள். உயரமான ஸ்போர்ட் பைக்கைத் தங்கள் கால் எட்டும் அளவுக்குத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். அம்பாங்கிலிருந்து வருவார்கள், பந்திங்கிலிருந்து வருவார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது நூற்றறுபது கிலோ எடையைக் கால் பெருவிரல் நுனியில் தாங்கித் தவித்தவர்கள்.

அந்தத் தவிப்பு முகுந்தனுக்கும் தெரியும். அவன் உயரம் ஐந்தடி ஒன்று. இருபது வயதில், ஒரு சீன முதலாளியின் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது, வாடிக்கையாளர் ஒருவரின் பைக்கை ஓட்டிப் பார்க்கப் போய், மேரு சாலைச் சந்திப்பில் கால் எட்டாமல் பைக்கோடு சாய்ந்தான். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. பைக்கின் பக்கவாட்டு உறை மட்டும் மூன்று துண்டாக உடைந்தது. முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. கூட வேலை செய்தவர்கள்தான் ஒரு மாதம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பைக்கின் எலும்புக்கூட்டை வாங்கிவந்து, எதை மாற்றினால் எவ்வளவு இறங்குகிறது என்று தானே கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டான். சொந்தப் பட்டறை வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. வயது முப்பத்தொன்பது.

ஸ்போர்ட் பைக்கின் உடம்பைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையை இங்கே கவர்செட் என்பார்கள். பார்க்கத்தான் பளபளப்பு. தொட்டால் உடையும் சாமான். முகுந்தன் அதைக் கழற்றுகிற விதத்தைப் பார்த்தே பலர் அவனை நம்பினார்கள். அடியில் ஜாக்கி வைக்கும் முன் கீழ் உறையைத் தனியே எடுத்துவிடுவான். கழற்றிய ஒவ்வொன்றையும் பழைய துண்டில் சுற்றி வைப்பான். திரும்பப் பூட்டும்போது இயந்திரம் வைத்து முடுக்க மாட்டான். ஆணித்துளையைச் சுற்றிய பிளாஸ்டிக் காது விண்டுவிடும் என்று கையாலேயே திருகுவான்.

டொரத்தி வந்தது தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது. கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீடு பிரிக்பீல்ட்ஸில். பத்து வருடமாக ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் கப்சாய் என்கிற ஒரு சின்ன மோட்டார் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தவள், முப்பத்து மூன்றாவது பிறந்தநாளுக்குத் தனக்குத்தானே ஒரு ஸ்போர்ட் பைக் வாங்கிக்கொண்டாள். இருநூற்றைம்பது சிசி, நீல நிறம். இன்னொருவர் ஓட்டிய வண்டிதான், ஆனால் புதிது போல இருந்தது.

“ஓடுறப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லண்ணே. சிக்னல் சிவப்பானா ஜெபம் சொல்ல ஆரம்பிச்சிடுறேன்” என்றாள்.

முகுந்தன் சிரித்தான். அவளை ஏறி உட்காரச் சொல்லி, குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே அளவுகோலை வைத்துப் பார்த்தான்.

“பின்னால முப்பத்தஞ்சு மில்லி, முன்னால இருபது மில்லி எறக்குவோம். அதுக்கு மேல வேணாம்மா. வளைவுல அடி உரசும். வேகத்தக் கொறைக்கிற பொங்கோல் மேட்டுல ஏறுனா அடிக் கவர் போயிடும்.”

“கவர்செட்ட மட்டும் எப்படியாச்சும் காப்பாத்திக் குடுங்கண்ணே. ஒரு கீறல் விழுந்தாலும் எனக்கு அழுகை வந்திடும்.”

“அத என்கிட்ட விடுங்க.”

இரண்டு நாள் அந்த வண்டியிலேயே கிடந்தான். பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் பகுதியில் லிங்க் என்கிற இரண்டு இரும்புப் பட்டைகள் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு நீளமான பட்டைகளைப் பூட்டினான். பின்புறம் இறங்கியது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கவ்விகளைத் தளர்த்தி, குழாய்களை இருபது மில்லிமீட்டர் மேலே ஏற்றி முடுக்கினான். முன்புறம் இறங்கியது. சங்கிலியின் தளர்வைச் சரிசெய்தான். கைப்பிடியை இருபக்கமும் முழுதாகத் திருப்பி, எங்கும் இடிக்கவில்லை, எந்தக் குழாயும் இழுபடவில்லை என்று பார்த்தான். பிறகு, கேட்டுக்கொண்டபடி கவர்செட்டுக்கு வந்தான். இன்ஜினைச் சட்டத்தோடு சேர்க்கும் போல்ட்டில், பக்கத்துக்கு ஒன்றாக நைலான் குமிழ் வைத்த ஸ்லைடர் பூட்டினான். வண்டி சாய்ந்தால் உறைக்கு முன்னால் அந்தக் குமிழ்தான் தரையைத் தொடும். உறையின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்து, வெப்பக்காற்று காட்டி, கண்ணாடி போன்ற ஒட்டுத்தாளை ஒரு குமிழி இல்லாமல் இழுத்து ஒட்டினான். அதற்கு மட்டும் அரைநாள் போனது.

மிச்சம் இருந்தது சைட் ஸ்டாண்டு. வண்டியை இறக்கினால் அதையும் குட்டையாக்க வேண்டும். இல்லாவிட்டால் இடது பக்கம் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி, நெட்டுக்குத்தாக நிற்கும். சின்னத் தள்ளல் போதும், வலது பக்கமாக விழுந்துவிடும். முப்பது மில்லிமீட்டர் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டவைக்கிற வேலை, அரைமணி நேரம் ஆகும். ஆனால் இரும்பைப் பற்றவைக்கிற வெல்டர் தம்புசாமி காவடி வேலையாகக் கடையை அடைத்துவிட்டுப் பத்துமலைக்குப் போயிருந்தார். முகுந்தனின் மனைவி அமுதவள்ளி அந்த வருடம் பால்குடம் எடுக்கிறாள். வீட்டிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்துவிட்டது.

பட்டறை வாசல் சிமெண்டு, கால்வாய்ப் பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் டொரத்தியின் வண்டி இடது பக்கம் சரியாகத்தான் சாய்ந்து நின்றது. முகுந்தன் ஸ்டாண்டைப் பார்த்தான். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டான். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் சங்கிலி பார்க்க வருவாள், அப்போது வெட்டிக்கொள்ளலாம்.

அவளிடம் அதைச் சொல்லியிருக்கலாம். “ஸ்டாண்டு வேலை பாக்கி இருக்கு, மட்டமான தரையில கவனமா நிறுத்துங்க” என்று ஒரு வாக்கியம். சொன்னால் அவள், முடித்தே கொடுங்கள் என்று வண்டியை விட்டுவிட்டுப் போவாள். இல்லையென்றால் வேலை தெரிந்தவன் பாதியில் கொடுத்தான் என்று நினைப்பாள். அவளோ வண்டியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிந்ததைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவன் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தொலைபேசியில் அழைத்தாள்.

“அண்ணே, லோரி எடுத்துட்டு வந்து என் பைக்க ஏத்திட்டுப் போயிடுங்க. வித்துடுங்க. எவ்வளவுக்குப் போனாலும் சரி.”

குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. முகுந்தன் என்ன ஏது என்று கேட்காமல் சின்ன லோரியை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போனான். லிப்ட் இல்லாத நான்கு மாடிப் பழைய பிளாட்டு. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் தூணோடு தூணாக நீல பைக்கைச் சாய்த்து வைத்திருந்தார்கள். டொரத்தி பக்கத்தில் நின்றிருந்தாள். மருத்துவமனைச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

“பாருங்க, கவர்செட்ல ஒரு கீறல்கூட இல்ல” என்றாள்.

பிறகு நடந்ததைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்தில் பூசைக்குக் கிளம்பும் முன், அவள் அப்பா பேசில் கீழே இறங்கி, மகளின் பைக்கைத் துடைத்துவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். அறுபத்தெட்டு வயது, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். வலது பக்கம் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வண்டி அவர்மேல் சாய்ந்துவிட்டது. பின்னால் மல்லாந்து விழுந்தவரின் தொடையில், ஸ்லைடர் குமிழ் நேராக இறங்கியிருக்கிறது. தொடை எலும்பு இடுப்புக்குப் பக்கத்தில் முறிந்துவிட்டது. நேற்று அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்தார்கள்.

“பைக்கத் தொடாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவரத் திட்டிக்கிட்டே இருந்தேண்ணே. வலியில கெடந்த மனுசன. அவரு ஒரு வார்த்த திரும்பப் பேசல. இல்ல, நான்தான் சரியா நிறுத்தலையோ, அதுவும் தெரியல. அன்னைக்கு வேல முடிஞ்சு வந்த களைப்புல எப்படி நிறுத்துனேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகமே வரல.”

முகுந்தன் வண்டியின் ஸ்டாண்டைப் பார்த்தான். குனிந்து வண்டியைப் பிடித்து, பலகை வழியாக லோரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினான். “அங்கிள பாத்துக்கங்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

பட்டறைக்கு வந்ததும் வண்டியை வாசலில் நிறுத்தவில்லை. உள்ளே, தரை மட்டமாக இருக்கும் இடத்துக்கு உருட்டிப் போய் ஸ்டாண்டில் விட்டான். வண்டி நெட்டுக்குத்தாக நின்றது. இடது பக்கம் நின்று இருக்கையின் மேல் ஒரு விரலை வைத்து லேசாக அழுத்தினான். வண்டி அசைந்து வலது பக்கம் போனது. சட்டென்று பிடித்துக்கொண்டான். நிமிர்த்தி நிறுத்திவிட்டு வலது பக்கம் வந்து பார்த்தான். வலது ஸ்லைடரில் மட்டும் லேசான தேய்ப்பு இருந்தது. ஒட்டுத்தாள் ஒட்டிய இடம் அப்படியே மின்னியது. அரைநாள் குனிந்து ஒட்டிய தாள். வண்டி விழுந்தால் வண்டிக்கு என்ன ஆகும் என்று அத்தனை யோசித்தவன், வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் என்று யோசிக்கவில்லை.

அடுத்த நான்கு நாள் அவன் மற்ற வண்டிகளின் வேலையையே பார்த்துக்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஸ்டாண்டை இன்றே வெட்டி ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தம்புசாமி இரண்டு கடை தள்ளித்தான் இருக்கிறார். ஒருமுறை ரம்பத்தை எடுத்து ஸ்டாண்டின் மேல் வைத்தும் பார்த்தான். பிறகு ரம்பத்தை இருந்த இடத்தில் மாட்டிவிட்டான்.

சனிக்கிழமை காலை தோசைத்தட்டின் முன்னால் உட்கார்ந்து அமுதவள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“பால்குடத்துக்காக நான்தானே ஃபோன் மேல ஃபோன் போட்டு அவசரப்படுத்துனேன்” என்றாள்.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஒரு வார்த்த சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லல. அவ்வளவுதான்.”

“சொன்னா கேஸு கீஸுன்னு போவாங்களா?”

“போகலாம்.”

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தப் பொண்ணு அப்பாவத் திட்டுச்சின்னு சொன்னீங்களே. இப்பவும் அவரு தப்புன்னுதானே நெனச்சிக்கிட்டு இருக்கும்? இல்ல தன் தப்புன்னு. அத எப்படிங்க அப்படியே விடுறது?”

பேசிலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்த மறுநாள் முகுந்தன் போனான். வண்டியிலிருந்து ஸ்டாண்டைக் கழற்றி, ஒரு துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தான். இரண்டாம் மாடி. கதவைத் திறந்த டொரத்தி, விற்பனை விஷயமாக வந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

“யாராச்சும் வந்து பாத்தாங்களாண்ணே?”

“இல்லம்மா. வேற ஒண்ணு சொல்லணும்.”

உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை. துணியைப் பிரித்து அந்த இரும்பை மேசைமேல் வைத்தான். நின்றபடியே சொன்னான். வண்டியை இறக்கினால் இதை வெட்டியே ஆக வேண்டும் என்பது, அன்றைக்கு வெட்ட முடியாமல் போனது, அது தெரிந்தே கொடுத்தது, எச்சரிக்கைகூடச் செய்யாதது. எதையும் குறைக்கவில்லை.

டொரத்தி மேசைமேல் இருந்த இரும்பைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நான் லோரி பக்கத்துல நின்னு பொலம்புனப்ப?”

“அப்பவும் தெரியும்.”

“வெளிய போங்க.” சத்தம் போடவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. “தயவுசெஞ்சு போயிடுங்க.”

அவன் திரும்பினான். அப்போது அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. “டொரத்தி, யாரது? உள்ள வரச் சொல்லு. அந்தச் சாமானயும் எடுத்துட்டு வரச் சொல்லு.”

பேசில் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். மெலிந்த நெடிய உடம்பு. கட்டில் பக்கத்தில், ஊன்றி நடக்கும் நடைச்சட்டம் ஒன்று, இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. நடுக்கூடத்தில் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. கையை நீட்டினார். முகுந்தன் ஸ்டாண்டைக் கொடுத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எவ்வளவு வெட்டியிருக்கணும்?”

“முப்பது மில்லி, அங்கிள்.”

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்த இரும்பின் முனையில் வைத்து அளந்தார். “இவ்வளவு” என்றார். கேள்வியாகச் சொன்னாரா, தனக்குள் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நான் ரயில்வேயில முப்பத்தோரு வருசம் வேல பாத்தேன், தம்பி. ஒரு நட்டு சரியா முடுக்கலன்னா அன்னைக்கு எனக்கு வீட்டுல சாப்பாடு எறங்காது. ஒங்களுக்கு எறங்குச்சா?”

“அன்னைக்கு எறங்குச்சு அங்கிள்” என்றான் முகுந்தன். “வண்டியக் குடுத்து அனுப்புனதுமே அத மறந்துட்டேன்.”

அவர் தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கதவருகே நின்ற மகளைப் பார்த்துத் திரும்பினார்.

“கேட்டியாம்மா? நீ நல்லாத்தான் நிறுத்தியிருக்க.”

டொரத்தி அப்படியே கதவுச் சட்டத்தில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு வாரமாக அடக்கிவைத்திருந்தது எல்லாம் வந்தது. “ஒங்க மேலயும் தப்பில்லப்பா” என்றாள். “நான் என்னென்னமோ பேசிட்டேன். தரையில கெடந்தப்ப.”

“வலியில எனக்கு ஒண்ணுமே கேக்கல” என்றார் அவர். பொய் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

முகுந்தன் அங்கே நிற்க வேண்டிய தேவை முடிந்துவிட்டது. பேசில் நீட்டிய ஸ்டாண்டை வாங்கிக்கொண்டு படியிறங்கி வந்தான். வழியனுப்ப யாரும் வரவில்லை.

அன்றே பட்டறையில் உட்கார்ந்து, தான் இதுவரை இறக்கிக் கொடுத்த வண்டிக்காரர்களின் எண்களைக் கைத்தொலைபேசியில் தேடி எடுத்தான். எண் கிடைத்தவர்கள் நாற்பத்தோரு பேர். ஒவ்வொருவராக அழைத்தான். மட்டமான தரையில் நிறுத்தி, பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னான். ஏன் என்று கேட்டவர்களிடம் காரணத்தையும் சொன்னான். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர், இத்தனை நாள் இந்த ஆபத்தோடதான் ஓட்டுனேனா என்று கத்திவிட்டு வைத்தார். அவர் பிறகு வரவில்லை. படங்களில் மூன்று வண்டிகள் வேண்டிய அளவு சாயாமல் நின்றன. ஒன்று பந்திங்கில், இரண்டு அம்பாங்கில். தம்புசாமியைக் கூட்டிக்கொண்டு அவனே போய்ச் சரிசெய்து கொடுத்தான். அந்த வாரமே பட்டறை நடுவில் தரையை உடைத்து, நீர்மட்டம் வைத்து, ஒரு சதுரம் சிமெண்டு போட்டான். அந்தச் சதுரத்தில் நிறுத்தி, நான்கு பக்கமும் தள்ளிப் பார்த்து, உரிமையாளரையும் தள்ளிப் பார்க்கச் சொல்லாமல் ஒரு வண்டியும் வெளியே போவதில்லை.

கேஸ் எதுவும் வரவில்லை. மருத்துவச் செலவுக்கு அவன் கொடுக்க முயன்றதை டொரத்தி வாங்கவில்லை. அவன் அனுப்பிய செய்திகளுக்குப் பதிலும் போடவில்லை. ஏப்ரலில் மட்டும் ஒரு வரி வந்தது. “பைக்கைப் பழைய உயரத்துக்கே ஏத்திடுங்க. வாங்குறவர் உயரமானவர்.”

அவன் நீளப் பட்டைகளைக் கழற்றி, எடுத்து வைத்திருந்த அசல் லிங்குகளைப் பூட்டினான். முன் குழாய்களை இறக்கினான். மேசை இழுப்பறையில் இருந்த ஸ்டாண்டை எடுத்து மாட்டி, புதுச் சதுரத்தில் நிறுத்தினான். வெட்டாத ஸ்டாண்டு. அந்த உயரத்துக்கு அது மிகச் சரியாக இருந்தது. வண்டி இடது பக்கம் நிதானமாகச் சாய்ந்து நின்றது.

வண்டியை வாங்கியவரிடம் ஒப்படைக்கிற அன்று டொரத்தி ஒரு வாடகைக் காரில் வந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, “அப்பா கார்லதான் இருக்காரு. ஒங்களப் பாக்கணுமாம்” என்றாள்.

முகுந்தன் கையைத் துடைத்துக்கொண்டு போனான். பேசில் பின்இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை இறக்கினார். வெயில் சுள்ளென்று அடித்தது. நடக்க முடிகிறதா என்று முகுந்தன் கேட்டான். வீட்டுக்குள்ளே நடக்கிறேன், மாடிப்படிதான் பயமாக இருக்கிறது, ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது என்றார். கோயிலுக்குப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறதாம். பங்குச்சாமியார்தான் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுத்துவிட்டுப் போகிறார். அதைச் சொல்லும்போது குறையாகச் சொல்லவில்லை.

“மத்தவங்க வண்டியெல்லாம் தேடிப் போய்ப் பாத்தீங்களாமே. என் மகளோட வேல செய்யிற பிள்ளைக்கும் நீங்கதான் எறக்கிக் குடுத்திருக்கீங்க. அது சொன்னுச்சு.”

“ஆமா அங்கிள்.”

“மூணு வண்டியா?”

“மூணு.”

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு “சரி” என்றார். கார் கிளம்பத் தயாரானது. டொரத்தி முன்கதவைத் திறந்து ஏறும் முன் கொஞ்சம் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினாள்.

“அடுத்த வியாழக்கெழம எக்ஸ்ரே எடுக்குறாங்க. பாத்துட்டு மெசேஜ் போடுறேன்.”

வியாழக்கிழமை முழுவதும் அவன் கைத்தொலைபேசியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தான். பிற்பகல் மூன்றரைக்கு வந்தது. எலும்பு கூடிவிட்டது, நடை மட்டும் இனி கொஞ்சம் சாய்ந்தே இருக்கும் என்று டாக்டர் சொன்னதாக இரண்டு வரி. முகுந்தன் அதை அமுதவள்ளிக்கு அனுப்பினான். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, காத்திருந்த அடுத்த வண்டியின் கீழ் உறையைக் கழற்ற உட்கார்ந்தான்.